தண்ணீர் ஊற்றாத கோப்பை

ஏப்ரல் 24, பிட்கோஷ்ச்

கடையில் இன்று பன்றி விலா வந்திறங்கியது. நாள் முழுக்க வெட்டி மணிக்கட்டு கடுக்கிறது. வித்தோல்ட் சாயங்காலம் பூவோடு வந்தான். எங்கள் கல்யாண நாளுக்காக மே விடுமுறையில் கோப்பன்ஹேகன், பேருந்துச் சீட்டுகூட எடுத்தாயிற்றாம். மார்ச்சில் என் விலா எலும்பை உடைத்ததற்கு அப்புறம் வாங்கும் முதல் பூ. மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. போன வருடம் அவன் அண்ணன் அந்த ஊருக்குப் போய் வந்து படம் படமாகக் காட்டினான், அதுதான் விஷயம். அங்கே ஒரு காபி விலைக்கு இங்கே இரண்டு பேர் மதியம் சாப்பிடலாம்.

ஏப்ரல் 29

மூட்டை கட்டியாயிற்று. பொரித்த கறித்துண்டு, அவித்த முட்டை, ரொட்டி, புளித்த முட்டைக்கோஸ் ஜாடி, தேயிலைப் பைகள், ஹீட்டர் கம்பி. எங்கள் ஆட்கள் சட்டையை மறந்தாலும் ஹீட்டர் கம்பியை மறக்கமாட்டார்கள். கோப்பையில் முக்கிச் சுவரில் சொருகினால் வெந்நீர், ஓட்டல்காரனுக்கு ஏன் அழவேண்டும்?

என் அடையாள அட்டையை அவனே வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான். நான் தொலைத்துவிடுவேனாம்.

தங்கை எவெலினா குதான்ஸ்க்கிலிருந்து போன் செய்தாள். திட்டவில்லை. "என் வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

மே 1, கோப்பன்ஹேகன்

மழை. ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்த கால் வீங்கிக் கிடக்கிறது. விடுதி அறையில் இரண்டடுக்குக் கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். நடந்தோம், நடந்தோம், எதற்கும் உள்ளே போகவில்லை. கால்வாய் ஓரம் முட்டை உரித்துத் தின்றோம். கடற்பறவை ஒன்று அவன் கையிலிருந்த கறித்துண்டைப் பறித்துக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு தேயிலைப் பைதான் இரண்டு பேருக்கும். முதல் தண்ணீர் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

சாயங்காலம் அவன் கம்பியைச் சொருகிவிட்டு அண்ணனோடு போனில் பெருமை அடிக்கப் போய்விட்டான். தண்ணீர் வற்றி, பிளாஸ்டிக் கோப்பை உருகி, அறை முழுக்கப் புகை. புகை மணி அடித்துக் கட்டடமே அலறியது. எல்லோரும் காலுறையோடு தெருவில் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்தது. துப்புரவு வேலை செய்யும் ஹலினா எங்கள் நாட்டுக்காரி. மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கம்பியப் பாத்ததுமே நம்மாளுங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். அவன் என் பக்கம் விரல் நீட்டினான். "இவதான். ஒரு டீ போடத் தெரியாது."

கதவு சாத்தியதும் என் மேல்கைச் சதையைப் பிடித்துத் திருகினான். சத்தம் வராமல் இருக்கத் தலையணையைக் கடித்தேன். ஏன் கடித்தேன்? யாருக்காக?

மே 2

குளியலறையில் காலுறை அலசும்போது ஹலினா என் கையைப் பார்த்தாள். பேருந்தில் இடித்துக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை. கொஞ்ச நேரம் தரையைத் துடைத்தாள். பிறகு, நான் கேட்காமலே, அந்த அலறல் நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் என்று சொன்னாள். "அவங்ககிட்ட எல்லா ரூமுக்கும் சாவி இருக்கு. பூட்டியிருந்தாலும் திறந்துட்டு வந்துருவாங்க, யாரையும் கேக்கமாட்டாங்க." அடுத்த மாடிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 3

அவன் கீழே புகைபிடிக்கப் போயிருக்கிறான்.

கால்வாய் ஓரச் சாப்பாட்டுக் கடையில் யாரோ சாப்பிட்டு எழுந்துபோன மேசை. தட்டில் இறால் மிச்சம், கிளாஸில் பாதி ஒயின். என்னை உட்காரவைத்து, முள்கரண்டியைக் கையில் திணித்து, சிரி என்றான். அண்ணனுக்கு அனுப்பவேண்டுமாம். பரிமாறுகிறவன் வந்து மெதுவாக ஏதோ சொன்னான். பக்கத்து மேசைகள் திரும்பின. அப்போது உண்மையாகவே சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

விடுதிவரை என் பிடரியை விடவில்லை. பார்ப்பவர்களுக்கு அன்பாகத் தெரிந்திருக்கும். அறைக்குள் வந்ததும் முடியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினான். ஒரு தடவை இல்லை. பல் ஒன்று ஆடுகிறது. "ஊருக்கு வா போக்னா. அங்க இருக்குடி உனக்கு" என்றான்.

மாட்டுத்தொடையை ஒரே வெட்டில் பிளக்கிற கை இது. இவன் முன்னால் மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது?

மே 5, மருத்துவமனை

பேச வரவில்லை, தொண்டை வீங்கியிருக்கிறது. எழுத வருகிறது.

நேற்று மதியம் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறவேண்டியிருந்தது. காலையில் சொன்னேன்: நான் எவெலினா வீட்டுக்குப் போகிறேன், அட்டையைக் கொடு. கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டான். வயிற்றில் உதைத்தான். விழுந்தேன், மறுபடி உதைத்தான். அப்புறம் மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்து, "டீ போடு" என்றான்.

எழுந்தேன். முதுகை அவன் பக்கம் காட்டி நின்று குழாயைத் திறந்தேன். தண்ணீர் தொட்டியில்தான் விழுந்தது. காலிக் கோப்பையில் கம்பியை வைத்துச் சொருகினேன்.

கம்பி சிவந்தது. பிளாஸ்டிக் நாறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து வந்து கழுத்தைப் பிடித்தான். அவன் கண்ணைப் பார்த்தேன், அதில் விடும் எண்ணமே இல்லை. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவன் கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன், எலும்பைக் கழற்றுவதுபோல. விடவில்லை. தலைக்கு மேலே மணி அலற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. பெரிய பூட்ஸ் கால்கள். அவன் மூலையில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, டீ, டீ என்று உருகிய கோப்பையைக் காட்டினான். தீயணைப்புக்காரர்கள் என் கழுத்தையே பார்த்தார்கள். ஹலினா மொழிபெயர்க்க வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இந்தத் தடவை யார் வச்சதும்மா?"

"நான். வேணும்னுதான் வச்சேன்."

அதை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னாள். போலீஸ் வரும்வரை ஒருவர் கதவை மறித்து நின்றார்.

மே 6

என் அட்டை என் கையில்.

ஜூன் 18, குதான்ஸ்க்

எவெலினா வீடு. இங்கே ஒரு இறைச்சிக்கடையில் திங்கள் முதல் வேலை. வித்தோல்ட் கோப்பன்ஹேகனிலேயே சிறையில் இருக்கிறான். மாமியார் எப்படியோ இந்த நம்பரைப் பிடித்துவிட்டாள்.

"ஒரு டீக்காகவா போக்னா, என் புள்ளைய உள்ள தள்ளுன?"

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் வருகிறது.

பிறகு கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். ஒரு கோப்பையில் இரண்டு தேயிலைப் பை போட்டேன். ஒரே கசப்பு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் குடித்தேன்.