வெட்டுவதற்கு முன் தொட்டுப் பார்

சந்திரிகா,

"அம்பாளுக்கும் சிக்கெடுத்தா வலிக்குமாப்பா?" என்று நம் மகள் தாரணி சின்ன வயதில், தனக்குச் சிக்கெடுக்கும்போது கேட்டாள். நேற்று உன் காய்ந்த சுருட்டை முடியை நான் சீப்பால் இழுத்து உன்னை அழவைத்தபோது அது நினைவுக்கு வந்தது. கையில் மாவுக்கட்டோடு, "வெட்டித் தொலைச்சிடறேன், உங்களுக்கும் நிம்மதி" என்றாயே, மனசு தாங்கவில்லை.

பதினொரு மணிக்குப் பார்லர் மணிமொழி வருவாள். உன் இஷ்டம். ரசம் அடுப்பில் இருக்கிறது. இன்றும் கடையில் பண்டிகைக் கூட்டம் இருக்கும்; நேற்று நின்று நின்றே எனக்குக் கால் வீங்கிவிட்டது. வர நேரமாகும்.

பி.கு. விடியற்காலையில், மாத்திரை அசதியில் நீ தூங்கும்போது, முடியை ஈரமாக்கி, எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்தேன். தளர்வாகப் பின்னிப் பட்டுத்துணி சுற்றியிருக்கிறேன். கட்டுப் பிரிக்கும்வரை நானே பின்னிவிடுகிறேன்.

படுக்கையில் கிடந்த என் அம்மாவுக்கு நீ கதவைச் சாத்திக்கொண்டு இப்படித்தான் செய்வாய். இன்றும் சாமி விளக்கைத் தவிர யாரும் பார்க்கவில்லை.