பத்தொன்பதாம் பக்கத்தில் வெட்டப்பட்ட நான்கு வசனங்கள்

அனுப்புநர்:
பொ. பாக்கியரத்தினம்,
ஆங்கில ஆசிரியர்,
துறைமுகத் தொழிலாளர் மாலை வகுப்பு,
திருகோணமலை.

பெறுநர்:
தொழிலாளர் கல்வி அலுவலர் அவர்கள்,
திருகோணமலை.

விடயம்: ஆங்கிலப் பாடநூலின் பத்தொன்பதாம் பக்கமும் திரு. ஆதம்பாவாவின் வேலைநீக்கமும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1969 ஜனவரி 20ஆம் திகதி கூடிய தங்கள் குழு, மூன்று மணிநேர ஆலோசனையின் பின், எமது பாடநூலின் பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து நான்கு வசனங்களை நீக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. அன்று துறைமுகத்தில் நான்கு கப்பல்கள் நின்றன. அவற்றில் ஒன்றுக்கும் இச்செய்தி எட்டவில்லை.

2. ஒருவரின் நிலையைக் காட்டும் சொல்லோடு ‘டு’ சேர்த்து, செய்யவேண்டிய வேலையைச் சொல்வது ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு. ‘ரெடி டு லிஃப்ட்’ என்றால் தூக்கத் தயார். ‘ஹாப்பி டு ஸ்டே’ என்றால் நிற்பதில் மகிழ்ச்சி. இத்தகைய ஐந்து வசனங்களைக் குழு விட்டுவைத்தது. ‘அன்சேஃப் டு லிஃப்ட்’, அதாவது தூக்குவது ஆபத்து என்பதும், இயலாமை, பயம், களைப்பு ஆகியவற்றைச் சொல்லும் மற்ற மூன்றும் தொழிலாளரிடம் தயக்கத்தை வளர்க்கும் என நீக்கப்பட்டன. இருபத்திரண்டு பிரதிகளிலும் அடிமட்டம் வைத்துக் கறுப்பு மையால் வெட்டியவன் நானே.

3. கிண்ணியாவைச் சேர்ந்த ஆதம்பாவா அவர்கள் எனது வகுப்பில் ஒருநாளும் தவறாதவர். தமது பெயரை ஆங்கிலத்தில் கையெழுத்திட இங்கேதான் பழகினார். வெட்டிய பக்கத்தைப் பார்த்து, “மாஸ்டர், ஏலாது எண்டு சொல்ல வெள்ளைக்காரனுக்கும் ஒரு வசனம் இருக்குந்தானே?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பாடநூலில் இல்லை என்று நான் பதில் சொன்னேன்.

4. மார்ச் 4ஆம் திகதி, உரமூடை இறக்கிய கப்பலொன்றில், மூடைகளைத் தூக்கிய கயிறு புரி பிரிந்து அறுபடப் போவதை அவர் கண்டார். கீழே நின்ற எட்டுப் பேரையும் விலகும்படி தமிழில் கத்தினார். கயிற்றைச் சுற்றிப் பாரம் தூக்கும் வின்ச்சை இயக்கிய கப்பல் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆதம்பாவா காட்டிய கைச்சைகையையும் அவர் வணக்கமாகவே எடுத்துக்கொண்டார். ஆதம்பாவாவிடம் மிஞ்சியிருந்த ஐந்து வசனங்களில் ஒன்றும் அவ்வேளைக்கு உதவவில்லை. எனவே தாமே ஓடிப்போய் வின்ச்சின் பிடியை நிறுத்தப் பார்த்தார். அறுந்த கயிறு அவரது வலது கையை உருளையோடு சுற்றி நசுக்கியது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

5. அதிகாரியை அவருக்கு விளங்கும் மொழியில் எச்சரிக்கத் தவறியது ஆதம்பாவாவின் குற்றம் என விசாரணை முடிவு கூறுகிறது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அம்முடிவை எழுதியவர்களுள் இருவர் தங்கள் குழுவின் உறுப்பினர்கள் என்பதை மரியாதையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

6. ஆகவே, அக்குற்றத்தை அவர் பெயரிலிருந்து நீக்கி என் பெயரில் எழுதுமாறும், அவருக்கு வாயிற்காவல் வேலையேனும் வழங்குமாறும், நான்கு வசனங்களையும் மீண்டும் கற்பிக்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருகோணமலை
திகதி: 1969 யூன் 2

இங்ஙனம்,
பொ. பாக்கியரத்தினம்

மனுவை வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டவர்: ஆதம்பாவா
(இடது பெருவிரல் அடையாளம்)