பழைய பிளாஸ்டிக்கில் வார்த்த வாளி

மச்சாள்,

இன்று காலை மெசின் சூடேறியதும் பட்டறை முழுக்க ஷாம்பு வாசம். யாரோ சரியாகக் கழுவாமல் போட்ட போத்தல். "இது ஆர்ர தலை கா மணக்கிது?" என்று நீ கேட்பாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பாழாய்ப்போன பழக்கம்.

உன் அண்ணன் என்னைக் கட்டித் தன்னாமுனைக்கு வந்தபின், நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய வாளிப் பட்டறை இது. புதுப் பிளாஸ்டிக் மணிகளோடு பழையதில் கொஞ்சம் கலப்போம். உனக்கு அது போதவில்லை. வாவிக்கரையில் ஒதுங்குவதை மட்டும் வைத்து ஒரு முழு வாளி வார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். பழையது லேசில் வழிக்கு வருமா? ஒருமுறை உருகி, வெயிலிலும் கிடந்து, உள்ளிருக்கும் நீள இழைகள் அறுந்துபோனது அது. சூட்டில் பாலாய் ஓடி அச்சின் விளிம்பால் பிதுங்கும். ஆறினால், கைபிடி மாட்டும் காதடியில் வெடிக்கும். "சூட்டைக் குறை கா, இது களைச்சுப்போன சாமான்" என்பாய்.

நம் வயற்காரப் புத்தியும் சேர்ந்து கெடுத்தது. கழுவிய துண்டுகளை நெல்லைப் போலப் பாயில் பரப்பி, காலால் கிளறி, பொழுதுபட அள்ளினோம். அதற்குள் வாவிக்காற்றின் ஈரம் ஏறிவிடும். வாளிச் சுவரெல்லாம் குமிழ். அது நமக்குப் புரிவதற்குள் எத்தனை வாளிகள் உடைந்தன!

கடைசியில், கரையில் ஒதுங்கியதில் போத்தல்களைத் தள்ளிவிட்டு, உடைந்த பழைய வாளிகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, உச்சி வெயிலில் காயவிட்டு, சுடச்சுட மெசினில் போட்டோம். கறுப்பும் பச்சையுமாய் ஒரு வாளி வந்தது. "வீட்ட கொண்டுபோய்க் கிணத்துல கட்டிப் பாக்கன். தாங்கினா வந்து சொல்றன்" என்று எடுத்துப் போனாய்.

நீ வரவில்லை. அந்தக் கிழமையே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அமிர்தகழியில், உன் வீட்டு முற்றத்தில், உன்னைக் குளிப்பாட்ட உன் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அதே வாளி. தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. அழவேண்டிய நேரத்தில் நான் அதன் காதடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லை.

"அம்மா இதப்பத்தி என்னவும் சொன்னவவா?"

"ஒண்டும் சொல்லல்ல மாமி. அது கொண்டுவந்து வச்சபடியே கிடந்திச்சு. இண்டைக்குத்தான் கட்டின."

நீ அதில் ஒருமுறையாவது அள்ளிப் பார்த்திருக்கலாம். உனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் ஆறவில்லை.

அந்த வாளி இப்போது என் கிணற்றில். தூக்கும்போது பயத்தில் அடியில் கை கொடுக்கப் போவேன். "கையக் குடுக்காத கா, அது தாங்குதா எண்டு பாப்பம்" என்று நீ அதட்டுவது கேட்கும். கையை எடுத்துவிடுவேன்.

தாங்குகிறது, மச்சாள்.