கறுப்புக்கு மேல் வெள்ளைச் சேட்டு

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

வேறு எப்படித் தொடங்குவது? கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. இந்தியாவில் அகதி முகாமில் பதிய வந்த அதிகாரி உங்கள் பேரைக் கேட்டபோதுகூட, விரலால் உங்களைக் காட்டிவிட்டு நின்றேன். இப்போது உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குக் கோயில் இதழில் ஏதாவது எழுதித் தரும்படி பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். அழுது எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் தேனீயைப் பற்றி எழுதுகிறேன். புதிதாகத் தேனீ வளர்க்க வருகிற பெண்களுக்கும் உதவட்டும்.

ஓம், தேனீதான். எல்லாம் நீங்கள் பார்த்த வேலை. எங்கள் ஓலைத்தொடுவாய்ப் பெண்களுக்குத் தேன்பெட்டி கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பேரைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். சோற்றில் இலையான் மொய்த்தாலே கத்துகிறவள் நான். அன்றைக்குக் கோபத்தில் உங்களோடு கதைக்கவில்லை. "நான் இல்லாத நேரம் உனக்கும் ஒரு வேலை வேணுமெல்லே, றோசி" என்றீர்கள். கடலுக்குப் போகிற நேரத்தைத்தான் சொன்னீர்கள். பிறகு அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்?

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்கள். நான் கறுப்பு உடுத்து மாதங்கள் ஓடிவிட்டன. பெட்டி விஷயமே எனக்கு மறந்துபோயிற்று. ஒரு பின்னேரம் விவசாயத் திணைக்களக் கந்தோர்ப் பிள்ளை ஒருத்தி ஓட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கி, படிவத்தில் உங்கள் கையெழுத்தைக் காட்டினா. எங்கள் ஊரில் இப்போது அவவுக்குப் பேர் தேனீ மிஸ். அவவின் ஊர் பெரியமடு. தேனீக்களும் அங்கே காட்டோரம் பிடித்தவை. பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்திருக்கின்றன. நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்த அன்று, இந்தக் காற்றுக்குள் எப்படி இருக்கப்போகிறோம் என்று நான் உங்களைக் கேட்டேனே, அதே கேள்விதான் அன்றைக்கும் எனக்கு வந்தது.

பெட்டியை வேம்புக்குக் கீழே, சோளகக் காற்று அதன் வாசலில் அடிக்காதபடி வைத்தோம். கால் நான்கும் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிக்குள் நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் எறும்பு ஏறிவிடும். மீன்பிடிக்கிற வீட்டில், தகரத்தில் அடைத்த ரின்மீன் பேணிக்கு எங்கே போவது? கடைக்காரரிடம் வெறும் பேணி கேட்டு வாங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் கண்டிருக்க வேண்டும்.

மற்றச் சாமான்களை மிஸ் ஒரு பையில் போட்டுத் தந்தா. புகை போட ஒரு தகரப்பேணி, அதற்குப் பின்னால் சின்னத் துருத்தி. உள்ளே காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பற்றவைத்து மெல்ல அமுக்கினால் புகை வரும். கையுறை, தேனடை வெட்டுகிற கத்தி. முகவலை மட்டும் குறைந்துபோயிற்று. அதற்கென்ன, எங்கள் வீட்டில் இல்லாத வலையா என்று உங்கள் மீன்வலையில் ஒரு துண்டை எடுத்துத் தொப்பியில் கட்டினேன். மிஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். அந்த வலைக்கண்ணுக்குள்ளால் தேனீ என்ன, தும்பியே வரும் என்றா. பிறகு கட்டிலில் கட்டுகிற பழைய நுளம்புவலையை வெட்டித் தைத்தேன்.

இவ்வளவு இருந்தும் முதல்தரம் மூடியைத் திறந்தபோது அவை என்னை ஓட ஓடக் கலைத்துவிட்டன. சீலைக்கு மேலால், சட்டைக் கைக்கு மேலால், கண்ட கண்ட இடமெல்லாம் குத்து. அடுத்த தரம் கூடப் புகை போட்டேன். கூடக் குத்து வாங்கினேன். கை இரண்டும் பனங்காய் போல வீங்கிப்போயிருக்க, உங்களை நல்லாய்த் திட்டினேன். கேட்டதா?

மிஸ் வந்து பார்த்துவிட்டு என் உடுப்பைக் காட்டிச் சொன்னா: "அக்கா, கறுப்பு உடுத்திக்கொண்டு கிட்டப் போகாதேங்கோ. எங்கட காட்டில தேன் எடுக்க வாறது கரடி. கறுப்பாய் எது வந்தாலும் அதுகளுக்குக் கரடிதான். வெள்ளை போடுங்கோ."

கரடியாம். நீங்கள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பீர்கள். ஆனால் எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுப் பூசை முடியும்வரை கறுப்பு உடுத்துவதாகச் சவக்காலையில் உங்கள் தலைமாட்டில் நின்று சொன்னவள் நான். எங்கள் சனத்தின் வழக்கம் அது. அதைவிட, எனக்கு அது தேவையாகவும் இருந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் சனம் உங்களைப் பற்றி என்னோடு கதைக்கிறது. வெள்ளை உடுத்துக்கொண்டு வளவில் நின்றால் என்ன சொல்வார்கள்? முதலில் உங்கள் அக்கா, என் மச்சாள், என்ன சொல்லுவா?

பயத்தில் பெட்டிப் பக்கம் போகாமல் விட்டேன். வாசலில் தேனீ குறைந்துகொண்டு வந்தது. உள்ளே மெழுகுப்பூச்சி விழுந்திருக்கும், பழைய அடையை வெட்டிச் சீனிப்பாணி வைக்காவிட்டால் முழுக்கூட்டமும் எழும்பிப் போய்விடும் என்று மிஸ் எச்சரித்தா. வெறும்பெட்டி என்றால் கந்தோர்க்காரர் எடுத்து அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கென்று நீங்கள் கடைசியாகச் செய்த காரியம் அந்தப் பெட்டி. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உங்களுக்காக உடுத்த கறுப்பை நான் கழற்ற வேண்டும். இதை நான் ஆரிடம் போய்க் கேட்பது? கேட்கிற ஆள் நீங்கள்தானே!

ஞாயிறு பூசை முடிந்து மச்சாள் வந்திருந்தா. பெட்டி வாசலில் இரண்டு மூன்று தேனீ மட்டும் நடந்து திரிந்ததைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டா. கரடிக் கதையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ சட்டென்று எழும்பி வீட்டுக்குள் போனா. கோபித்துக்கொண்டு போகிறா என்றுதான் நினைத்தேன். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது மச்சாளின் கையில் உங்கள் வெள்ளைச் சேட்டு. எங்கள் மகளின் கலியாணத்துக்கு வாங்கிய முழுக்கைச் சேட்டு. கழுத்துப் பொத்தானைப் பூட்டமாட்டேன், மூச்சு முட்டுது என்று கோயில் வாசலில் நின்று என்னோடு சண்டை பிடித்தீர்களே, அதுதான்.

"இந்தா, கறுப்புக்கு மேல இதைப் போடு. இது தம்பியின்ர சேட்டு. இதைப் போட்டதுக்கு உன்னை ஆர் என்ன சொல்லுறது? சொல்லுறவையை என்னட்ட அனுப்பு" என்றா.

அந்தச் சேட்டில் முகத்தைப் புதைத்து நான் அழுதேன். மச்சாளும் அழுதா. பிறகு இடுப்புக்கு உங்கள் வெள்ளைச் சாரத்தையும் எடுத்துத் தந்து, கெதியாய் உடுக்கச் சொன்னா.

கைப்பொத்தான் பூட்டினேன். கழுத்துப் பொத்தானும் பூட்டினேன். தேனீக்கு முன்னால் உங்கள் பிடிவாதம் எடுபடாது, உள்ளே புகுந்துவிடும். மெல்லப் புகை போட்டு மூடியைத் தூக்கினேன். அவை தங்கள் பாட்டில் அடையில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று வந்து என் கையில் இருந்து பார்த்துவிட்டுப் போயிற்று. என்னைக் குத்தவே இல்லை. பின்னால் துருத்தி பிடித்துக்கொண்டு நின்ற மச்சாள் உடுத்திருந்ததும் கறுப்புத்தானே, அது இரண்டுபேருக்கும் நினைவில்லை. அவவைக் கிணற்றடி வரைக்கும் கலைத்துக்கொண்டு போயின. இப்போது பெட்டி திறக்கிற நாளில் மச்சாள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை விரிப்பால் போர்த்துக்கொண்டு வருவா.

பூச்சி விழுந்த அடையை வெட்டினேன். சீனிப்பாணி வைத்தேன். போவதா இருப்பதா என்று கொஞ்சநாள் அவை முடிவெடுக்காமல் இருந்தன. நானும் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தேத்தண்ணியை ஆறவிட்டேன். பிறகு வேம்பு பூத்தது. ஒருநாள் காலில் மஞ்சளாய்ப் பூந்தூள் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டு வருகின்றன என்றால் இனிப் போகாது என்று மிஸ் சொன்னா. ஓமப்பா, அவை இங்கேயே இருந்துவிட்டன. முதல் தேனில் கொஞ்சம்தான் எடுத்தோம். நல்ல தேன்தான், ஆனால் கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

வருகிற கிழமை ஆண்டுப் பூசை. வெட்டிய அடையை உருக்கி மச்சாள் ஒரு மெழுகுதிரி வார்த்து வைத்திருக்கிறா. கொஞ்சம் கோணல், ஆனால் வாசம் இருக்கிறது. அதைச் சவக்காலையில் உங்களுக்குக் கொளுத்துவோம். அதோடு நான் கறுப்பைக் கழற்றுகிறேன். நீங்கள் வாங்கித் தந்து நான் உடுக்காமல் வைத்த நீலச் சீலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

ஆனால் உங்கள் சேட்டைக் கழற்றமாட்டேன். மிஸ் எனக்கென்று புது வெள்ளை உடுப்புக் கொண்டுவந்தா, அடுத்த பெண்ணுக்குக் கொடுங்கோ என்று சொல்லிவிட்டேன். நுளம்புவலைக்குப் பின்னால் இருக்கிற என் முகத்தை இந்தத் தேனீக்கள் கண்டதில்லை. அவை அறிந்ததெல்லாம் அந்தச் சேட்டுப் போட்ட ஆளைத்தான். பேரைக் கொடுத்துப் பெட்டி எடுத்த மனிசன்தான் வந்து திறக்கிறார் என்று அவை நினைத்துக்கொண்டு இருக்கட்டும். சேட்டுக் கிழியுமட்டும் போடுவேன். கிழிந்தால் தைத்துப் போடுவேன். கழுத்துப் பொத்தானைப் பூட்டித்தான் போடுவேன், கோபிக்காதேங்கோ.

உங்கட மனுசி,
றோசி