இடப்பக்கம் அவளுக்கு

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பெண், நான் எல்லோரும் உண்டு, உறங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம்; நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. அங்கே உன் உடம்பு தேறவும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் என் பேரனின் மூச்சு சீராகவும், மாப்பிள்ளையின் மனம் தளராதிருக்கவும் இறைவனை வேண்டியபடியே இருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்லிப் பார்த்தேனே அம்மா. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் நர்ஸ் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். என் பேச்சு அங்கே வரும் நேரம் பார்த்துத் தவறாமல் கூப்பிடும் அந்த நர்ஸ் யார் என்று எனக்குத் தெரியாதா? எழுத்தை அப்படி வைத்துவிட முடியாது. ஒதுக்கி வைத்தாலும் அது அங்கேயே காத்திருக்கும். தபாலுக்கு நேரமில்லை என்பதால் அண்ணி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பெரிதாக்கிப் படித்துக்கொள், என் கையெழுத்து முன்போல் இல்லை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறார், பேசுவதில்லை. வேலைக்குப் போன காலத்துக் கருவிப்பெட்டியை எடுத்து, துருப்பிடிக்காத ஸ்பானர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர் மோட்டார்களோடு ஆயுளைக் கழித்த மனிதருக்குத் துக்கம் வந்தால் வேறு எங்கே போவார்? அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். 'பம்ப்ல ஒண்ணுமே வரலை, சத்தம் மட்டும்தான் வருது' என்று குடும்பக் குழுவில் நீ செய்தி போட்டாய். அதை எல்லோருக்கும் முன்னால் பார்த்தவர் அவர்தான். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் குரல் பதிந்து அனுப்பினாரே, 'காத்து வாங்குதும்மா. எங்கேயோ வாஷர் போயிருக்கும். எல்லாத்தையும் கழட்டிப் பார்த்து மாட்டு, அவசரப்பட்டு மோட்டாரை மாத்திடாதே' என்று. அண்ணி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாமா, அது மோட்டார் இல்லை, தாய்ப்பால் எடுக்கும் பம்ப் என்று அவள் மெல்ல விளக்கியதும், அவர் பால்கனிக்குப் போய் ஒரே பூந்தொட்டிக்கு நிரம்பி வழிய வழியத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். பிறகு நீ கழற்றிப் பார்த்தால் அந்த வெள்ளை ரப்பர் வாய் உண்மையிலேயே கிழிந்திருந்தது. புதியது மாட்டியதும் பால் இறங்கியது. இனிமேல் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் மாமாவிடம்தான் வந்து டோக்கன் வாங்க வேண்டும் என்று அண்ணி சொல்ல, அந்த வாரம் முழுக்க வீட்டில் அதுவே பேச்சாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் இரண்டிலும் பிள்ளைகள் இருந்த வாரம் அது. நம் வீடு கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

இரட்டையரில் மூத்தவளான என் பேத்தி போன செய்தி வந்த பிறகு பிரார்த்தனைக் கூடத்துக்கு ஒருமுறைதான் போனேன். வேதவாக்கியங்களை எடுத்து மற்றவர்களுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பழகியவள், அன்று கேட்கும் இடத்தில் உட்கார்ந்தேன். கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் அதை உனக்கு நான் எழுதமாட்டேன். நீ கொடுத்துக்கொண்டிருந்தபோதல்லவா எடுக்கப்பட்டது. காலையில் பாடும் துதியும் தடைப்பட்டுக் கிடக்கிறது. பிள்ளையை நினைத்த மாத்திரத்தில் தாயின் மார்பு சுரப்பதுபோல் இறைவனின் கருணை சுரக்கும் என்று பழம்பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருமே, அந்த உவமை வரும் இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. உவமையாக இருந்தவரை இனித்தது. இப்போது அது என் மகளின் நெஞ்சு.

நேற்று நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளை பேசினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை பட்ட பாட்டைக் கேட்டிருந்தால் உனக்கே மனம் இளகியிருக்கும். வலப்பக்கத்தில் மட்டும்தான் பால் எடுக்கிறாளாம், இடப்பக்கத்தைத் தொடுவதே இல்லையாம், அது கல்லாய்க் கட்டிச் சிவந்திருக்கிறதாம், நேற்று உடம்பு நடுங்கியதாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன ஒற்றைச் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னார்: 'அது அவளோடது.' எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகள் பிறந்த புதிதில் நீயே சொன்னாயே, வலப்பக்கம் அவனுக்கு, இடப்பக்கம் அவளுக்கு, புட்டிகளைக்கூடக் கலக்கமாட்டேன், ஒருத்தர் பங்கு இன்னொருத்தருக்குப் போய்விடக் கூடாது என்று. இப்போதே பாகப்பிரிவினையா, கொஞ்சம் வளரட்டும், அவர்களே அடித்துக்கொள்வார்கள் என்று நான் வேடிக்கை பேசினேன். அந்த வேடிக்கை இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது?

மாப்பிள்ளை போனை வைத்ததும் அண்ணியிடம்தான் போனேன். அவள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபடியே தன் பெண்ணுக்குப் பால் எடுத்து வைத்தவள். நம் வீட்டில் அந்தக் கருவியோடு குடித்தனம் நடத்தியவள் அவள் ஒருத்திதான். கேட்டதும் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, முதல் வேலையாக இன்றைக்கே மார்பை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். பால் கட்டிக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மருந்து தேவைப்படலாம், பொறுத்துப் பார்க்கும் காரியம் அல்ல. அந்தப் பாலைப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்பதையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸிடம் கேட்டுக்கொள். இனி எடுக்கும் முறையை அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்கார். குனிந்துகொண்டே எடுத்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் பால் இறங்காது. எடுப்பதற்குச் சற்று முன் வெந்நீரில் பிழிந்த துணியை இதமான சூட்டில் வைத்து, மேலிருந்து கீழாகப் பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவு. கட்டியிருக்கிறதே என்று அமுக்கிப் பிசைந்துவிடாதே, உள்ளே புண்ணாகும். மார்பில் வைக்கும் அந்தப் புனல் உனக்குச் சரியான அளவுதானா என்று பார். காம்பு நடுவில் உரசாமல் போய்வர வேண்டும், சுற்றியுள்ள தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கக் கூடாது. பெட்டியோடு வந்த அளவே எல்லோருக்கும் பொருந்தும் என்றில்லை. அண்ணிக்கே பொருந்தவில்லை, மாற்றிய பிறகுதான் வலி நின்றதாம். முதலில் குறைந்த இழுப்பில் வேகவேகமாக ஓடட்டும், பிள்ளை வாய் வைத்ததும் அவசரப்படுமே அதுபோல. பால் இறங்கத் தொடங்கியதும் நிதானத்துக்கு மாற்று. கூட்டி வைத்தால் கூட வரும் என்று இழுப்பை ஏற்றாதே. வலித்தால் அது அதிகம், அவ்வளவுதான் கணக்கு. காம்பு வெடித்திருந்தால் உன் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றில் ஆறவிடு. எடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி வை. ஒரே தடவையில் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும் என்று மல்லுக்கு நிற்காதே, இளகி உனக்கு இதமாகும்வரை போதும். அடுத்த வேளை மறுபடி எடுக்கலாம். பாகங்களை அவ்வப்போதே கழுவி உலர்த்து. அப்பா ரப்பர் வாயை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னார். தலை நிமிராமல்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

கடையில் பால் எடுக்க இடம் ஏது? புடவை வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே ஒரு தோழியைச் சாய்ந்து நிற்க வைத்துவிட்டு அண்ணி எடுப்பாளாம். ஒருநாள் மேனேஜர் வந்து உள்ளே என்ன சத்தம் என்று கேட்க, தோழி அசையாமல், 'பழைய ஃப்ரிட்ஜ் சார், அப்படித்தான் முனகும்' என்றாளாம். ஆனால் ஒன்று சொன்னாள் அண்ணி, அதை மறக்காதே. புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சொட்டும் இறங்காதாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று கண் அங்கேயே கிடந்தால் மனம் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். அதனால் அண்ணனின் சாக்ஸ் ஒன்றைப் புட்டிக்கு மாட்டி மறைத்துவிட்டுப் பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். உங்கள் மகனின் சாக்ஸ் உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போது மட்டும்தான் அத்தை என்று சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றாள். அவள் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ்.

இதெல்லாம் கைக்குச் சொன்னது. மனத்துக்கு நான்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது எழுத்தும் சொல்லும்தான். மகள் அழும்போது வேற்றுமை உருபு பார்க்கிறாளே என்று சலித்துக்கொள்ளாமல் கேள். அது அவளுடையது என்று நீ சொன்னது ஆறாம் வேற்றுமை. உடைமையைச் சொல்வது. உடைமைக்கு உடையவர் வேண்டும். உடையவர் இல்லாத பொருள் பூட்டிய அறைக்குள் கிடந்து வீணாகும், உன் நெஞ்சில் இப்போது நடப்பது அதுதான். அன்றைக்கு நீ சொன்ன சொல் வேறு. இடப்பக்கம் அவளுக்கு என்றாய். அது நான்காம் வேற்றுமை, கொடுப்பதைச் சொல்வது. அவளுக்கென்று சுரந்தது அவளுக்கென்று சுரந்ததுதான். வாங்கிக்கொள்ள அவள் இல்லை என்பதால் அந்தச் சொல் பொய்யாகிவிடாது. நீ அன்று சரியாகத்தான் சொன்னாய். துக்கம் உன் சொல்லில் உருபை மாற்றிவிட்டது, வேறொன்றும் இல்லை.

உன் பயம் எனக்குத் தெரியும். அதையும் எடுத்துவிட்டால் அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று அஞ்சுகிறாய். அம்மா, பால் நீ நினைக்கிறபடி நடந்துகொள்வதில்லை. அடைத்து வைத்தால்தான் அது வற்றும். கேட்க ஆள் இல்லை என்று உடம்பு தெரிந்துகொண்டு, ஒரு நாள் சொல்லாமல் நிறுத்திவிடும். எடுக்க எடுக்கத்தான் அந்தப் பக்கம் அவளுக்காகச் சுரந்துகொண்டே இருக்கும். அவனோ கைப்பிடி அளவு உடம்பை வைத்துக்கொண்டு அங்கே போராடுகிறான். ஒரு பக்கம் அவனுக்குப் போதவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவள் அவனுக்குச் சில நிமிடங்கள் மூத்தவள். சில நிமிடங்களானாலும் அக்கா அக்காதான். நான் மூத்தவள் என்று அவனை அதட்டவும், தன் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைக்கவும் அவளுக்கு நாள் கிடைக்கவில்லை. தம்பிக்கு என்று அவளால் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான். அதை எடுப்பது அவளிடமிருந்து பிடுங்குவது ஆகாது. எடுக்காமல்தான், அவள் கொடுக்க நீட்டிய கையை மறித்துக்கொண்டு நிற்கிறாய். வழியை விடு, கண்ணே.

இன்னொன்று. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், நான் பின்னி அனுப்பிய இரண்டு கம்பளித் தொப்பிகளில் பச்சை அவன் தலையில் இருக்கிறது, படத்தில் பார்த்தேன். மஞ்சளை அவளுக்குப் போடவே முடியவில்லை; அத்தனை குழாய்கள் இருந்தன. அது ஆஸ்பத்திரிப் பையிலேயே மடித்தபடி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பிள்ளைகள் சிறியவை என்று கேட்டதும் அளவுக்கு என்ன செய்வேன் என்று நான் திகைத்தபோது, அண்ணியின் பெண் தன் பொம்மையைக் கொண்டுவந்து, இதோட தலையில பின்னுங்க என்று கொடுத்தாள். அந்த அளவில் பின்னியது. சாக்ஸ் வேண்டாம். இடப்பக்கத்துப் புட்டிக்கு அந்த மஞ்சள் தொப்பியைப் போட்டுவிட்டு எடு. சற்றுத் தொளதொளப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கண் புட்டியில் வேண்டாம். தம்பியின் படத்தில் இருக்கட்டும். அழுகை வந்தால் அழுதுகொண்டே எடு, பால் அதற்காகக் கோபிக்காது. முடிந்ததும் தொப்பியைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணம் உள்ளங்கையால் மூடிப் பிடித்துப் பார். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும்.

உன்னையும், பெற்ற இரண்டையும், துணையாக நிற்பவரையும் இறைவன் தன் கண்ணிமைக்குள் வைத்துக் காக்கட்டும். இருப்பவன் வளரட்டும், போனவள் ஒளியில் இருக்கட்டும். டாக்டரிடம் போவதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதே, இதைப் படித்து முடித்ததும் கிளம்பு. போன் செய்ய வேண்டாம். டாக்டர் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் போதும். அப்பா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஸ்பானர் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு பேருக்குப் பாட்டியான
உன் அம்மா