வைக்கோல் வழியே வரும் மூச்சு

பிரிக்பீல்ட்ஸ்,
மாசி வெள்ளி

அன்பு மகள் இந்துஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் வலி மட்டும் விட்டுப் போக மறுக்கிறது. போனில் உன்னைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மருமகன் டெக்லன் கண்ணை மூடிய பிறகு அயர்லாந்தில் அந்தப் பண்ணை வீட்டில் நீ தனியாக இருப்பதே எனக்குப் பயம். இப்போது நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கமும் போய்விட்டது. வீட்டின் பின்னால் நீளமாக ஒரு மண்மேடு. சமாதி என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் அது மருமகன் குளிர்காலத்துக்கென்று கடைசியாகக் குவித்து மூடிய உருளைக்கிழங்கு என்று புரிந்தது.

இங்கே வந்திருந்தபோது சாப்பாட்டுத் தட்டிலேயே அதைச் செய்து காட்டினாரே. சோற்றைக் குவித்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, இது வைக்கோல் என்றார். பருப்பை ஊற்றி, இது மண் என்றார். உச்சியில் முருங்கைக்காய்த் துண்டைச் செருகி, வைக்கோலை இப்படி வெளியே நீட்டி விடவேண்டும், உள்ளே கிழங்கு மூச்சு விடும் என்றார். சோற்றில் விளையாடுகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த வைக்கோல் வழியே குளிரில் ஆவி வருகிறது, அது அவர் மூச்சு என்று படத்தோடு எழுதியிருக்கிறாய். காலையில் கோப்பியோடு போய் அதன் பக்கத்தில் உட்காருகிறாயாம். திறந்தால் நின்றுவிடும் என்று கடையில் கிழங்கு வாங்குகிறாயாம். இப்போது முன்பைவிட அதிகமாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறாய்.

உனக்குப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். நேற்று கிழங்கு அவித்து மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்ததும் என்னையறியாமல் மருமகனை வரவேற்பதுபோல் வாங்கோ தம்பி என்றேன். அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

ஆனாலும் பாசாரில் கிழங்கு விற்கும் பழனியப்பனிடம் விசாரித்தேன். ஆவி கூடினால் உள்ளே அழுகுதுன்னு அர்த்தம், பக்கத்துல உள்ளதும் போயிடும், சீக்கிரம் தொறக்கச் சொல்லுங்கக்கா என்றார்.

பெரிய வெள்ளிக்குக் கொஞ்சமாவது நடுவது அங்கே வழக்கம் என்று மருமகன்தானே சொன்னார். துணைக்கு ஆளைக் கூப்பிட்டு ஒரு ஓரத்தில் திற. கெட்டதை எறி. நல்லதில் விதைக்கு எடுத்து, அவர் செய்தபடி புல்லின் மேலேயே வைத்து, இரண்டு பக்கத்து மண்ணையும் புரட்டி மூடு. மிச்சத்தை அவித்துச் சாப்பிடு. உனக்காகத்தானே வைத்துவிட்டுப் போனார்.

திறக்கும்போது என்னைப் போனில் கூப்பிடு. ஒன்றும் பேசமாட்டேன், கூடவே இருப்பேன். ஆவி நின்றுவிட்டால் பயப்படாதே பிள்ளை. கந்தசுவாமி உன்னைக் கைவிடமாட்டார்.

இங்கிருந்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்
அம்மா,
குணேஸ்வரி