கிணற்றுக்குள் இறக்கிய வெயில்

2025 மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். நைனார்பாளையம் வந்து சேர்ந்தேன். ஆய்வகத்தில் நான் செய்த உணரிச் சில்லுகளை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தேன். ஈரம் பட்டால் கெட்டுவிடும். அம்மா சோறு என்று நினைத்துத் திறந்துவிட்டாள்.

"இன்னாடி இது, மஞ்சத்தூள் பூசின கண்ணாடி?"

பெரோவ்ஸ்கைட் என்றேன்.

"வாயில நொழையற பேரா வெச்சா இன்னா?"

பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டால் தானாகவே மின்சாரம் தரும் என்று சொன்னேன். காற்றில் பிராணவாயு குறைந்தால் அந்த மின்சாரமும் குறையும். வயரின் மறுமுனையில் இருக்கும் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். கேட்டுக்கொண்டே மூடியை மெதுவாக அழுத்திவிட்டுப் போனாள். எதற்காகச் செய்தேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன?

மே 5

அம்மாவின் தம்பி, சிவசங்கர் மாமா. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் கிணற்றில் தூர் வார இறங்கினார். முதலில் விளக்கை இறக்கிப் பார்த்தது அம்மாதான். "நல்லா எரியுது, எறங்குடா" என்றாள். எரியத்தான் செய்தது. ஆனால் மாமா சேற்றைக் கிளறக் கிளற அடியிலிருந்து கெட்ட காற்று கிளம்பியிருக்கிறது. அதைச் சொல்ல அப்போது விளக்கு உள்ளே இல்லை. கரியாலூர் சின்னக்கண்ணு அண்ணன்தான் மூக்கில் துணி கட்டி இறங்கி, மாமாவைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். அதற்குள் உயிர் போயிருந்தது.

அந்தக் கிணறு மறுபடியும் தூர்ந்துவிட்டது. இந்த முறை தம்பி அய்யப்பன் இறங்கப்போகிறானாம். ஆள் கிடைக்கவில்லையாம்.

மே 7

உச்சி வெயிலில் சில்லைக் கிணற்றில் இறக்கினேன். அடிவரை ஒழுங்காக எண் காட்டியது. ஆய்வகத்தில்கூட இவ்வளவு சமர்த்தாக இருந்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் அய்யப்பனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மே 10

கயிறு பிடிக்க சின்னக்கண்ணு அண்ணனைக் கூப்பிட பஸ்ஸில் கரியாலூர் போனேன். அந்த மலை வளைவுகளில் மாமா டிவிஎஸ் 50-ஐ உருட்டிக்கொண்டு நடப்பார். நானும் தம்பியும் மட்டும் மேலே உட்கார்ந்திருப்போம். "வண்டி ஏறாது, ராஜாவும் ராணியும் ஏறட்டும்" என்பார். அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் கொண்டுபோன புளிசோறு பாதி தீர்ந்திருக்கும். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் தலைசுற்றல் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. "வரேன் பாப்பா. ஆனா நான் சொன்னா உன் தம்பி கேக்கணும்" என்றார்.

மே 12

நான் குளித்துவிட்டு வருவதற்குள், விடிந்தும் விடியாமல், அய்யப்பன் தானே சில்லை இறக்கிப் பார்த்திருக்கிறான். மீட்டரில் பூஜ்ஜியம். அப்புறம் அவன்பாட்டுக்குப் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டான். ஈரத்தலையோடு ஓடினேன்.

"ஏறுடா மேல."

"பூஜ்ஜியம்தான்க்கா காட்டுது. கேஸு இல்ல."

"டேய், அது இருட்டுடா. வெளிச்சம் இல்லன்னாலும் அது பூஜ்ஜியம்தான் காட்டும். காத்து செத்துப்போனாலும் எண்ணு எறங்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்கு எப்படித் தெரியும்?" — இதை நான்தானே யோசித்திருக்க வேண்டும்? உச்சி வெயிலில் பார்த்துவிட்டு ஐஸ் வாங்கிக் கொடுத்தவள் நான்.

ஏறி வந்தவன் சிரிக்கிறான். "உன் மிஷினு நம்மூரு கூலியாளு மாதிரி, வெயில் வந்தாதான் வேலைக்கு வரும்." ஓங்கி ஒன்று வைத்தேன்.

மே 13

டார்ச் கட்டலாம். ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் அது எத்தனை நேரம் தாங்கும்? அணைந்தால் மறுபடியும் பூஜ்ஜியம்.

கிணற்றில் வாளி விழுந்தால் மாமா என்ன செய்வார்? முகம் பார்க்கும் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "தேவி, சூரியனைக் கொஞ்சம் கீழ அனுப்பு" என்பார். நான் சாய்ப்பேன். வெயில் சுவரில் தடுமாறி இறங்கி, வாளி பளிச்சென்று தெரியும். அவர் கொக்கிகள் தொங்கும் பாதாளக் கொலுசை வீசுவார். அப்போது எனக்கு என்ன பெருமை!

பீரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். இரண்டு சில்லு, இரண்டு மீட்டர். ஒன்றைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டேன். அது வெளிச்சத்தை மட்டும் சொல்லும். இரண்டின் எண்ணும் சேர்ந்து இறங்கினால் மேகம். திறந்தது மட்டும் இறங்கினால் ஆபத்து. எதுவானாலும் அய்யப்பன் மேலே வந்துவிட வேண்டும்.

மே 15

நான் மீட்டர்களைப் பார்க்க வேண்டும், கண்ணாடியை யார் பிடிப்பது? அம்மா வந்தாள். அந்தக் கிணற்று மேட்டில் அவள் நின்று எத்தனை வருடம். என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

முதலில் மேகம். இரண்டும் இறங்கின. அய்யப்பன் முனகிக்கொண்டே ஏறி வந்தான். வெயில் வந்ததும் மறுபடி இறங்கினான், சேற்றைக் கிளறினான், தொட்டி தொட்டியாக அனுப்பினான். பிறகு — மூடியது அப்படியே நிற்க, திறந்தது மட்டும் சரிந்தது.

"ஏறு, அய்யப்பா."

"இன்னும் ஒரு தொட்டிக்கா."

சின்னக்கண்ணு அண்ணன் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றோடு அவனை அப்படியே இழுத்தார். மேலே வந்தவனுக்குக் கால் நிற்கவில்லை. தலை வலிக்கிறது என்று மண்ணில் படுத்துக்கொண்டான்.

அண்ணன் விளக்கை இறக்கினார். பாதிக் கிணறு தாண்டியதும் அணைந்துவிட்டது.

அம்மா இன்னும் கண்ணாடியைச் சாய்த்தபடியே நின்றாள். அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

மே 16

அய்யப்பன் நாளெல்லாம் தூக்கம். அடிக்கடி போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் முறை, "போக்கா" என்றான்.

மே 20

கிணற்றுக்குள் காற்று ஊதவிட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து மீதி வேலையும் முடிந்தது. ஊற்று வந்துவிட்டது. அண்ணன் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அன்னிக்கி இது இருந்துச்சாடி? எங்கனா? பட்டணத்துலயாவது?"

"இல்லம்மா. எந்த ஊர்லயும் இல்ல. அப்ப இத யாருமே செய்யல."

"நான் வெளக்க பாத்துதான் எறங்கச் சொன்னேன்."

"அப்ப வெளக்கு மட்டும்தாம்மா இருந்துச்சு."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சிவசங்கருக்குக் கொழம்புல புளி ஜாஸ்தியா இருக்கணும்" என்றாள். கூடவே இன்னொரு உருண்டைப் புளி எடுத்து ஊறவைத்தாள்.

சாப்பாட்டின்போது அய்யப்பன், "இன்னாம்மா இவ்ளோ புளிப்பு" என்று முகத்தைச் சுளித்தான். அம்மா திட்டிக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.